முதல் நாவல், சின்னப் பதிப்பகம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் முதல் நாவல் வெளிவந்து ஓராண்டு ஆகப்போகிறது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான குமாரபாளையத்தில் விசைத்தறிக்குத் தார் சுற்றும் மூன்று பெண்களின் கதை. வெளியிட்டது இரண்டே பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்னப் பதிப்பகம். எழுதி முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதிப் பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நான்கு வருடம் முன்னால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒன்றரை வருடமாவது மிச்சமாகியிருக்கும்.

எழுதி முடிக்க எவ்வளவு காலம் ஆனது?

நான்கு ஆண்டுகள். நான் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். தறிக்கு வாங்கும் நூல். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஏழு மணி வரை எழுதலாம். அதற்குமேல் வீடு விடாது. எங்கள் ஊரில் தறிச் சத்தத்தில் தூங்கிவிடுவோம். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். அப்படி விழித்த ராத்திரிகளில் எழுதியதும் உண்டு. முதல் வரைவு 84,000 சொல். அச்சில் வந்தது 61,000.

ஏன் பெரிய பதிப்பகத்துக்குப் போகவில்லை?

போனேன். பதில் வரவில்லை. ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால், பதில் வந்திருந்தாலும் என் புத்தகத்துக்கு இதுவே நல்ல இடம் என்று சொல்வேன். வருடத்துக்கு நூறு தலைப்பு போடும் இடத்தில் ஒரு முதல் நாவலை வரி வரியாகப் படிக்க யாருக்கு நேரம் இருக்கும்? வருடத்துக்கு எட்டுப் புத்தகம் போடுகிறவருக்கு என் நாவல் அந்த வருடத்தில் எட்டில் ஒரு பங்கு வேலை. பதினோரு மாதம் அவர் அதோடு இருந்தார்.

தமிழில் நவீன இலக்கியம் பெரும்பாலும் சின்ன இடங்களிலிருந்துதான் வந்திருக்கிறது. 1959இல் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா சொந்தக் காசில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். புத்தகமும் போட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக விற்கப் போனார். க்ரியா பதிப்பகம் 1974இல் சென்னையில் தொடங்கியபோது அதுவும் கையளவு இடம்தான். கவிஞர் மீரா சிவகங்கையில் உட்கார்ந்துகொண்டு அன்னம் பதிப்பகத்தை நடத்தினார். இன்றைக்கும் வம்சி திருவண்ணாமலையில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில். சென்னையில் முகவரி இருந்தால்தான் பதிப்பகம் என்று நினைக்க வேண்டாம்.

யாருக்கு, எப்படி அனுப்புவது? முகவர் வேண்டுமா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இலக்கிய முகவர் உண்டு. தமிழில் அந்த வழக்கம் ஏறக்குறைய இல்லை. எழுத்தாளரே நேராக அனுப்ப வேண்டியதுதான்.

அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தப் பதிப்பகம் கடைசியாகப் போட்ட நாவல்களில் மூன்றையாவது காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள். கவிதையும் கட்டுரையும் மட்டுமே போடுகிற இடத்துக்கு நான் 400 பக்க நாவலின் முதல் அத்தியாயங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அது அவர்கள் தப்பு இல்லை. படிக்கும்போது அச்சுப் பிழைகளையும் பாருங்கள். பக்கத்துக்கு நான்கு பிழை இருந்தால், உங்கள் புத்தகத்திலும் பக்கத்துக்கு நான்கு பிழை இருக்கும்.

நான் அனுப்பியது இவ்வளவுதான்: கதை என்ன, எப்படி முடிகிறது என்று ஒரு பக்கம், முதல் மூன்று அத்தியாயம், என்னைப் பற்றி நான்கு வரி. எல்லாம் யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு. முடிவைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடுமே என்று நிறையப் பேர் ஒளித்து வைக்கிறார்கள். படித்துத் தேர்ந்தெடுக்கிறவருக்கு முடிவு தெரிய வேண்டும். அப்புறம், ஒரு அத்தியாயத்தைச் சிறுகதையாகத் திருத்தி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியிருந்தேன். அது வந்திருந்த இதழைப் பதிப்பாளர் ஏற்கெனவே படித்திருந்தார். அதனால்தான் என் மின்னஞ்சலைத் திறந்ததாகப் பிறகு சொன்னார்.

எத்தனை இடத்தில் மறுத்தார்கள்?

ஐந்து இடத்துக்கு அனுப்பினேன். ஒருவர் மூன்றே வாரத்தில், தங்களுக்குப் பொருந்தாது என்று மரியாதையாக எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலிருந்து பதினான்கு மாதம் எதுவும் இல்லை. ஒரு இடத்தில் பணம் கேட்டார்கள். ஐந்தாவது இடம் ஆறு மாதம் கழித்துப் போன் செய்தது. மூன்று மாதம் பொறுத்துவிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், தப்பே இல்லை. ஒரே நேரத்தில் பல இடத்துக்கு அனுப்பினால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் கொடுத்தால்தான் புத்தகம் போடுவார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நானும் கிட்டத்தட்டக் கொடுத்திருப்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த நான்காவது இடத்திலிருந்து வந்த போனில், நாவல் ‘அருமையாக’ இருப்பதாகச் சொன்னார்கள். 60,000 ரூபாய் கட்டினால் 200 பிரதி, அட்டை வடிவமைப்பு, வெளியீட்டு விழா, இணையத்தில் விற்பனை எல்லாம் உண்டு என்றார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் கை நடுங்கியது. நகையை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். மறுநாள் காலையில், ‘நாவலில் உங்களுக்கு எந்த அத்தியாயம் பிடித்தது?’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். ‘ஃபுல் நாவலுமே சூப்பர் மேடம்’ என்று பதில் வந்தது. நான் அவர்களுக்கு அனுப்பியிருந்தது மூன்று அத்தியாயம் மட்டும்.

தன் காசில் தானே புத்தகம் போடுவது ஒரு கௌரவமான காரியம். செல்லப்பாவே அப்படிச் செய்தவர். தெரிந்தே செய்யுங்கள்: அச்சகத்தில் நேராக விலை கேளுங்கள், நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கூலி கொடுங்கள், புத்தகம் முழுக்க உங்களுடையது. ஆனால் உங்கள் காசை வாங்கி அச்சடித்துவிட்டு, லாபத்திலும் பங்கு எடுத்துக்கொண்டு, உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கிறவரைப் பதிப்பாளர் என்று என்னால் சொல்ல முடியாது. பதிப்பாளர் என்றால் அவர் தன் பணத்தைப் போட வேண்டும், அதற்கு முன்னால் முழுதாகப் படித்திருக்க வேண்டும். ‘நூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்கிற நிபந்தனையும் பணம் கேட்பதுதான், பெயர்தான் வேறு.

எடிட்டிங் என்று எதைச் சொல்கிறீர்கள்? எழுத்துப் பிழை திருத்துவதா?

இல்லை. அது மெய்ப்பு, கடைசியில் வருவது. நான் எடிட்டிங் என்று சொல்வது அதற்கு முன்னால் நடந்த பதினோரு மாதத்தை.

முதல் சந்திப்பில் பதிப்பாளர் என் கைப்பிரதியைக் கட்டாக அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரமெல்லாம் பென்சில். முதல் பக்கத்தில் ‘தார்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“இது என்னங்க தார்? ரோட்டுத் தாரா, வாழைத்தாரா?”

எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தார் தெரியும். ஊடை என்னும் குறுக்கு நூலைக் குச்சியில் சுற்றி, ஓடம் போன்ற நாடாவுக்குள் வைப்பார்கள். தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்போது அந்த நூல்தான் பாவு என்னும் நெடுக்கு நூலுக்குள் ஊடாகப் போகும். அந்தக் குச்சியில் சுற்றிய நூல்தான் தார். என் அம்மா இருபத்தாறு வருடம் தார் சுற்றினார். நான் அடிக்குறிப்பு போடுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். பின்னால் அருஞ்சொற்பொருள் தருகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம். “படிக்கிறவர் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்துக்குப் போய்ட்டு வருவாரா? அந்தப் பொண்ணு முதல் நாள் வேலைக்குப் போறா இல்ல? அவளுக்கும் தெரியாதுன்னு வச்சுக்கங்க. அவளுக்கு ஒருத்தர் கத்துக்கொடுக்கட்டும்.”

அப்படித்தான் இப்போதைய முதல் அத்தியாயம் வந்தது. பழைய முதல் அத்தியாயம் நாற்பது பக்கம், ஊரின் வரலாறு முழுக்க இருந்தது. காவிரிக்கரை, சாயப்பட்டறைகள், ஆற்றில் ஓடும் சாயம், எல்லாம். அதை முழுதாக எடுத்துவிடச் சொன்னார். இரண்டு நாள் அவர் போனை நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த நாற்பது பக்கத்தையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், காதால் கேட்பதுதான் பழக்கம். பத்தாவது பக்கத்தில் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டார். சரி என்று எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாவல் முழுவதையும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தேன். ஊடை தீர்ந்ததும் தறி தானாக நின்றுவிட்டது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். அம்மா நிறுத்தச் சொன்னார். “நம்ம பட்டறைத் தறியில அது என்னைக்குக் கண்ணு தானா நின்னுச்சு? அது பாட்டுக்கு வெறுந்தறி ஓடிட்டே கெடக்கும். நாமதான் கண்ணு வச்சிருக்கோணும். இல்லீனா மொதலாளி சேதாரம் புடிச்சுக்குவாரு.” அந்த வரியைத் திருத்தியபோது அத்தியாயமே திரும்பியது. தறி நிற்காது என்றால் கதையில் வரும் பெண் கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுக்க முடியாது என்றால், வாசலில் வந்து நிற்கும் தம்பியை அவள் பார்த்திருக்கவே முடியாது. இது பதிப்பாளர் கண்டுபிடித்திருக்க முடியாத பிழை. ஆனால் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்று சொன்னது அவர்தான்.

எல்லாத் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டீர்களா?

இல்லை. பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் ‘சரிங்’, ‘இல்லீங்’ என்று ‘ங்’கில் நிறுத்துவார்கள். வாசகர் அச்சுப்பிழை என்று நினைப்பார், ‘ங்க’ என்று போடலாமே என்றார் பதிப்பாளர். ‘ங்க’ என்று போட்டால் கதையில் வரும் பெண் எங்கள் பக்கம் பிறந்தவள் மாதிரியே இருக்க மாட்டாள் என்றேன். ஒரு வாரம் இதே பேச்சு. கடைசியில் உரையாடலில் வழக்கு, விவரிப்பில் பொதுத்தமிழ் என்று முடிவாகி, ஒரு நோட்டில் சொற்களை எழுதி வைத்தோம்: ‘வேணும்’ இல்லை, ‘வேணுங்’, ‘பார்க்க வேண்டும்’ இல்லை, ‘பாக்கோணும்’. ஒரே சொல்லை ஐந்து இடத்தில் ஐந்து விதமாக எழுதினால்தான் வட்டார வழக்கு படிக்கச் சிரமமாகிறது. ஒரே மாதிரி எழுதினால் பத்துப் பக்கத்தில் வாசகருக்குக் காது பழகிவிடும். இந்த நோட்டை நீங்கள் எழுதத் தொடங்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

மெய்ப்பு எத்தனை முறை பார்க்க வேண்டும்?

மூன்று, குறைந்தது. அதில் ஒன்று தாளில். பதிப்பகத்துக்காரர், வெளியாள் ஒருவர், நான் என்று ஆளுக்கு ஒரு முறை பார்த்தோம். எழுதியவர் மட்டும் பார்த்தால் போதாது. நம் கண் இல்லாத எழுத்தையும் இருப்பதாகவே படித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள். பக்கம் வடிவமைக்கிறவர் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறவராக இருந்தால் கோப்பை மாற்றுவார். மாற்றும்போது கொம்பு முன்பின்னாகும், ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் உடையும், மேற்கோள் குறி வேறு எழுத்தாக மாறும். வேர்டில் நீங்கள் பிழையே இல்லாமல் கொடுத்ததாக இருந்தாலும், மாற்றிய பிறகு முதலிலிருந்து படித்தாக வேண்டும். ‘ஔவை’ என்பது ‘ஒ’வும் ‘ள’வுமாக ‘ஒளவை’ என்று அடித்திருக்கிறதா பாருங்கள்; கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஒற்று மிகுவதும் மிகாததும் தனிப் பாடம். எனக்கு இன்னும் வரவில்லை, அதற்குத்தான் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். என் புத்தகத்தில் கடைசியாகத் தப்பித்த பிழை 114ஆம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் அச்சில் திருத்திவிட்டோம்.

ஒப்பந்தம் போட்டீர்களா?

போட்டோம். நானே கேட்டுத்தான் போட்டோம். சின்னப் பதிப்பகங்களில் வாய்ப்பேச்சு வழக்கம் இன்னும் இருக்கிறது. நல்லவரிடம் எழுதி வாங்குவது அவரைச் சந்தேகப்படுவது போல இருக்குமோ என்று ஒரு மாதம் தயங்கினேன். கேட்டதும் அவர் முகம் சுளிக்கவில்லை, “நீங்களே வரைவு அனுப்புங்க” என்றார். சுளிக்கிறவராக இருந்தால் அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

எங்களுடையது இரண்டு பக்கம், தமிழில். அதை எழுதும்போது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தேன். 1957ஆம் வருடச் சட்டம் அது. எழுத்தாளர் பக்கம் இவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. உரிமையை மாற்றிக்கொடுப்பதானால் எழுத்தில், நீங்கள் கையெழுத்துப் போட்டதாக இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது உங்களிடமே திரும்பிவிடும். புத்தகத்தைப் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எழுதியதுமே உங்களுடையது. நீங்கள் இருக்கும்வரையும், உங்களுக்குப் பிறகு அறுபது ஆண்டும் அந்த உரிமை நிற்கும். அதனால் ‘எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்’ என்று ஒரு வரி இருந்தால், உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் கொடுத்தது தமிழில் அச்சிடும் உரிமையும் மின்னூல் உரிமையும், ஐந்து ஆண்டுக்கு. மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் மூன்றும் என்னிடமே. யார் மொழிபெயர்க்கப்போகிறார்கள் என்று அலட்சியமாக விட வேண்டாம். தமிழ் நாவல்கள் ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

எத்தனை பிரதி அச்சிட்டார்கள்? எவ்வளவு பணம் வந்தது?

வெட்கப்படாமல் சொல்கிறேன், இதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

டெமி என்கிற வழக்கமான நாவல் அளவில் 272 பக்கம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆக பதினேழு ஃபாரம். முன்பெல்லாம் 1,000, 1,200 பிரதி என்று ஒரேயடியாக அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் நூறு, இருநூறு என்றும் அடிக்க முடிகிறது. எனக்கு முதலில் 300. விலை 330 ரூபாய். ராயல்டி விலையில் பத்து சதவீதம், பிரதிக்கு 33 ரூபாய். ஜனவரியில் வந்தது, மார்ச் 31 கணக்குப்படி 140 பிரதி விற்றிருந்தது. ஏப்ரல் கடைசியில் 4,620 ரூபாய் என் கணக்கில் வந்தது. அதில் அம்மாவுக்கு ஒரு காட்டன் சேலை எடுத்தேன். முதல் 300 பிரதி ஏழு மாதத்தில் தீர்ந்து, இன்னொரு 200 அடித்தோம்.

பதிப்பாளருக்கு என்ன மிச்சம் என்றும் கேட்டேன், கணக்கைக் காட்டினார். 330இல் கடைக்காரர் கழிவு 35 சதவீதம், அதாவது 115 ரூபாய் 50 பைசா. அச்சுக்கு நூறு ரூபாய் அளவில். என் ராயல்டி 33. மீதி எண்பது ரூபாய் சொச்சத்தில்தான் வடிவமைப்பு, மெய்ப்புக் கூலி, அட்டை ஓவியருக்கு, கூரியர், கண்காட்சி வாடகை, விற்காமல் கிடக்கும் பிரதிகளின் முதல் எல்லாம். அதைப் பார்த்த பிறகு ‘எனக்கு ஏன் விளம்பரம் கொடுக்கவில்லை’ என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. ஆனால் கணக்கை வருடத்துக்கு ஒருமுறை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) வாங்க எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒன்றும் இல்லை. இந்தியாவில் அதைக் கொடுப்பது ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை, கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது, இலவசம். பதிப்பகமே வாங்கிவிடும். தானே வெளியிடுகிற எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அட்டையை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா?

மூன்று காட்டினார்கள், ஒன்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. ஒரு பெண் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பது போன்ற படத்தை வேண்டாம் என்றேன். தறிப்பட்டறையில் ஜன்னலைப் பார்க்க யாருக்கு நேரம்? இப்போது இருப்பது பாதி சுற்றிய ஒரு தார், அவ்வளவுதான்.

நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) கிடைத்ததா?

இதுவரை இல்லை. பதிப்பகம் மாதிரிப் பிரதி கொடுத்திருக்கிறது, காத்திருக்கிறோம். சின்னப் பதிப்பகங்களுக்கு நூலக ஆணைதான் மூச்சு. நூற்றுக்கணக்கான பிரதிகள் ஒரே நேரத்தில் போகும். ஆணை வராமல் வருடங்கள் போனதும் உண்டு. அந்த வருடங்களில் முதலில் அடிபடுவது புது எழுத்தாளர்களின் புத்தகம். 1948ஆம் வருட நூலகச் சட்டப்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். குமாரபாளையத்தில் தறிக்காரர் கட்டும் அந்த வரியில் தறிக்காரர் கதை ஒன்று கிளை நூலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நான் பள்ளி விட்டு வந்து படித்ததெல்லாம் அங்கேதான்.

ஒன்று மட்டும் நடந்தது. 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, அப்புறம் சென்னை கன்னிமாரா. எல்லாப் பதிப்பகமும் ஒழுங்காக அனுப்புகிறதா என்றால் இல்லை. உங்களுடையது அனுப்பியதா என்று கேளுங்கள்.

புத்தகக் கண்காட்சியில் விற்பனை எப்படி?

முதல் 140இல் 96 பிரதி சென்னைக் கண்காட்சியில் போனது. 1977இலிருந்து நடக்கிறது, பொங்கலை ஒட்டி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். ஏறக்குறைய 900 அரங்கு. எங்கள் பதிப்பகத்துக்குத் தனி அரங்கு எடுக்க வசதியில்லை, இன்னொரு பதிப்பகத்தின் அரங்கில் ஒரு தட்டு வாங்கியிருந்தார்கள். என் புத்தகம் இடுப்பு உயரத்தில் இருந்தது. சனிக்கிழமை மட்டும் போனேன். ஒருவர் எடுத்தார், பின்னட்டையைப் படித்தார், வைத்தார், போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து அதையே வாங்கினார். நான்தான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் வேறு மாதிரி. எங்கள் பக்கத்து ஆட்கள். ஒரு அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, “இது தாரு தானுங்?” என்று கேட்டார். ஆமாங் என்றேன். தனக்குப் படிக்கத் தெரியாது, மகளுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சுருக்குப்பையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மாவின் வலது கை ஆட்காட்டி விரலில் நூல் ஓடிய தழும்பு இருந்தது. என் அம்மாவுக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

இப்போது மாவட்டந்தோறும் கண்காட்சி நடக்கிறது. உங்கள் கதை நடக்கும் மாவட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

வெளியீட்டு விழா, மதிப்புரை?

விழா நடத்தவில்லை. அந்தப் பணத்தில் பதினைந்து பேருக்குப் பிரதி அனுப்பினோம், பிரபலம் என்று பார்க்காமல், இந்த மாதிரி நாவலைப் படிக்கிறவர் என்று பார்த்து. நான்கு பேர் எழுதினார்கள். ஒருவர், கடைசி முப்பது பக்கம் அவசரம் என்று எழுதினார். உண்மைதான், அங்கே நான் களைத்துப்போயிருந்தேன்.

மின்னூல் வந்ததா?

கிண்டிலில் இருக்கிறது. உள்ளூரில் அதிகம் போகவில்லை. ஆனால் கனடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்டவர்களுக்கு அதுதான் வழி. அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடுகிறது. அச்சு வந்து ஆறு மாதம் கழித்துப் போட்டோம்.

ஊரில் யாராவது கோபித்துக்கொண்டார்களா?

முன்பணம் வாங்கிய கடனுக்காகத் தறியை விட்டுப் போக முடியாத ஒரு குடும்பம் நாவலில் வருகிறது. எங்கள் வீதியில் இரண்டு பேர் அது தங்கள் வீடுதான் என்று நினைத்தார்கள். இரண்டுமே இல்லை. ஒருவர் பேசவில்லை. இன்னொருவர் வந்து, தொகையைக் குறைத்து எழுதிவிட்டாய் என்றார். எழுதும்போதே பெயர், தெரு, உறவு மூன்றையும் கலைத்துவிடுங்கள். கடையில் முதலாளி படித்தாரா என்று கேட்கிறார்கள். படித்தார். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை வரும் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கைப்பிரதியை உங்களுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள், முதல் முப்பது பக்கம் மட்டும். மாதத்துக்கு ஒருவருடையதுதான் என்னால் படிக்க முடியும், ஞாயிற்றுக்கிழமை காலையில். பாராட்டு மட்டும் வேண்டுமென்றால் நான் சரியான ஆள் இல்லை, பென்சிலோடுதான் படிப்பேன். அனுப்புவதற்கு முன் அந்த முப்பது பக்கத்தை வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அவர் எந்தப் பக்கத்தில் எழுந்து போனார் என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.